செக்ரட்டரிக்கு ஒரு பணி

எங்கள் தெருச் சங்கத்தின் செக்ரட்டரி வெள்ளை வேட்டியோடு சேற்றில் மல்லாந்து விழுந்த காட்சி என்னிடம் பத்திரமாக இருக்கிறது. மனசு சரியில்லாத நாட்களில் அதை வெளியே எடுத்துப் பார்த்துக்கொள்வேன். சாயாவில் சர்க்கரை போட மறந்திருந்தால்கூட அன்றைக்கு இனிக்கும். இப்படிச் சொல்வது அழகில்லை என்று தெரியும். அழகுக்காக இதை எழுத உட்காரவில்லை.

நான் பிறந்து வளர்ந்தது கொச்சியில், மட்டாஞ்சேரியில். தாத்தா காலத்திலேயே பாலக்காட்டிலிருந்து வந்து சேர்ந்த குடும்பம். மிளகும் சுக்கும் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் கடிதம் எழுதுவது என் வேலை. கல்யாணத்துக்கு முன்பு சேர்ந்தேன், இன்னும் அதே நாற்காலிதான். சரக்கு தாமதமானால் வருத்தம், ஈரம் பட்டுப் போய்ச் சேர்ந்தால் மன்னிப்பு, பதிலே வராவிட்டால் ஒரு சின்ன அதட்டல். மலையாளத்திலும் தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதுவேன். என் கடிதத்தில் ஒரு சொல் இடம் மாறி விழுந்ததில்லை என்று முதலாளியே சொல்லியிருக்கிறார். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. கொஞ்சம் பொறுத்தால் ஏன் சொன்னேன் என்று தெரியும்.

எங்கள் தெருவின் கடைசியில் ஒரு பழைய மிளகுக் கிட்டங்கி இருக்கிறது. அதன் பின்னால் புல் மண்டிக் கிடந்த காலி மனையில்தான் எங்கள் தோட்டம். என் மகளும் அவளோடு காலேஜில் படிக்கும் மூன்று பெண்களும் ஆரம்பித்து வைத்தது. மனைக்காரர் வெளியூரில் இருப்பவர், சும்மா கிடப்பதற்கு ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார். பெண்கள் ஆரம்பித்தார்கள், அம்மாமார்கள் மாட்டிக்கொண்டோம். சிவப்புக் கீரை, பயறு, வெண்டை, ஓரத்தில் கப்பை, அதாவது மரவள்ளி. ஒரு வீட்டுக்கு ஒரு பாத்தி.

மண் மட்டும் லேசில் வழிக்கு வராது. காயல் பக்கத்திலேயே இருப்பதால் உப்பு. அதோடு புளிப்பு. மேட மாதத்தில், நம் சித்திரையில், வேனல் மழை ஒன்றிரண்டு விழுந்து உப்பு கொஞ்சம் கழுவிப் போனதும், முழுக்கக் கிளறி நீற்றுச் சுண்ணாம்பு தூவ வேண்டும். இங்கே அதைக் கும்மாயம் என்பார்கள். பிறகு இரண்டு வாரம் ஆறப்போட வேண்டும். பெருமழைக்கு முன்னால் இதெல்லாம் முடியாவிட்டால் அந்த வருஷம் கீரை மஞ்சளாகத்தான் வரும். கிளறுவது தூம்பாவால். தமிழ்நாட்டில் மண்வெட்டி என்று சொல்வதை இங்கே தூம்பா என்கிறோம்.

தூம்பா பிடிப்பதில் எங்களில் கெட்டிக்காரி சேச்சிதான். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள், பக்கத்து வீடு. அவளும் தமிழ், நானும் தமிழ். ஆனால் இந்த ஊரில் அக்கா என்று கூப்பிட்டால் கடையில் வேலைக்கு வந்தவள் மாதிரி இருக்கும், அதனால் எல்லாருக்கும் சேச்சிதான். அவள் வீட்டார் தலைமுறையாக, வேலி என்கிற இடத்தில் இருக்கும் டோபிகானாவில் துணி வெளுத்துத் தேய்ப்பவர்கள். கரி போட்ட இஸ்திரிப் பெட்டியைப் பகல் முழுக்கத் தள்ளுகிற கை காலையில் ஒரு மணி நேரம் எங்களுக்காகத் தூம்பாவும் பிடித்தது.

முதல் வருஷமே அந்தக் கைக்குக் கேடு வந்தது. மனையின் வடக்கு மூலையில் ஓங்கி வெட்டினாள். அடியில் கிட்டங்கியின் பழைய அஸ்திவாரம், வெட்டுக்கல் வரிசை. தூம்பா துள்ளித் திரும்பியது, வலது தோள் விலகியது. அன்றிலிருந்து அந்தத் தோள் சரியாகவில்லை. இனி ஒரு தடவை போனால் பிறகு இஸ்திரிப் பெட்டியை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த மூலையை நாங்கள் அப்படியே விட்டுவிட்டோம். புல் மூடிவிட்டது. அங்கே கல் இருப்பது சேச்சிக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும், காரணம் அன்று காலையில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம்.

போன வருஷம் என் மகள் போனில் ஒரு அறிவிப்பைக் காட்டினாள். விவசாய மிஷின்கள் செய்யும் ஒரு கம்பெனி, கையால் மண் கிளறும் இளைஞர் தோட்டங்களுக்கும் தெருக்காரர்கள் சேர்ந்து நடத்தும் தோட்டங்களுக்கும் சின்ன டில்லர் ஒன்றைப் பரிசாகக் கொடுக்கிறது. கயிற்றை இழுத்தால் ஓடும், பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தால் போதும். விண்ணப்பத்தில், நிலத்தை எப்படிப் பக்குவப்படுத்துகிறீர்கள் என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருந்தார்கள். நான் உப்பைப் பற்றியும் கும்மாயத்தைப் பற்றியும் எழுதிவிட்டு, மீதிப் பக்கம் முழுக்கச் சேச்சியின் தோளைப் பற்றி எழுதினேன். பெண்கள் போட்டோ எடுத்துச் சேர்த்தார்கள். மிஷினை இயக்கப் போவது யார் என்ற இடத்தில் என் பெயரையும் நான்கு பெண்களின் பெயரையும் போட்டோம். கடைசியில், பதிவு பெற்ற ஏதாவது ஒரு சங்கத்தின் சீல் வேண்டும் என்றிருந்தது.

சீல் செக்ரட்டரியின் சட்டைப் பையில் இருந்தது. நிஜமாகவே பையில்தான் வைத்திருப்பார், பேனாவுக்குப் பக்கத்தில். ஏதோ ஆபீசிலிருந்து ஓய்வு பெற்ற மனிதர், கஞ்சி போட்ட வேட்டி, தெருவில் எந்த நல்லது நடந்தாலும் அதன் முன்வரிசையில் நிற்கும் முகம். ஒன்றும் கேட்காமல் சீல் குத்தினார், தானே அனுப்பிவிடுவதாகவும் சொன்னார். நான் மனசு குளிர்ந்து ஒரு கட்டுக் கீரை கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தக் கீரையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

எங்கள் பெயர்களை அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதி அனுப்பியிருந்தார். மிஷின் சங்க ஆபீசுக்கு வந்து இறங்கிய அன்றுதான் தெரிந்தது. மாலை போட்டு, பக்கத்தில் நின்று போட்டோ எடுத்து, பிளாஸ்டிக் உறையை மூடி ஆபீசைப் பூட்டிக்கொண்டார். பெண்கள் போய்க் கேட்டார்கள். திறப்பு விழா நடத்தாமல் தொடக் கூடாது என்றார். விழாவுக்குப் பெரிய ஆள் ஒருவர் வர வேண்டும், அவருக்குத் தேதி கிடைக்கவில்லை என்றார். பிறகு சாவி வீட்டில் இருக்கிறது என்றார். வீட்டுக்குப் போனால் ஆபீசில் இருக்கிறது என்றார். இப்படியே மேட மாதம் பாதி போய்விட்டது. மாலை காய்ந்து சருகாகிவிட்டது.

சேச்சி காத்திருக்கவில்லை. ஒரு காலையில் தூம்பாவோடு இறங்கிவிட்டாள். நான்கு பாத்தி கிளறினாள். சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனபோது தலைமுடியை அள்ளிக் கட்டக் கை உயரவில்லை. என் மகள்தான் வாரிக் கட்டிவிட்டாள். நான் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரமே சங்கக் கூட்டம். நான் எழுந்து, நல்ல மலையாளத்தில், மரியாதையாக, மிஷினைத் தோட்டத்துக்குத் தரும்படி கேட்டேன். நாங்கள் வீட்டில்தான் தமிழ், வெளியே இந்த ஊர் பாஷைதான். செக்ரட்டரி சிரித்தார்.

"பாண்டிகள்க்கு மிஷின் எந்தினா? கை உண்டல்லோ."

பாண்டிகளுக்கு மிஷின் எதற்கு, கைதான் இருக்கிறதே. இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் தங்கள் சாயாவைப் பார்த்தார்கள். தமிழர்களை மட்டமாகச் சொல்லும் இந்தப் பாண்டி என்ற சொல் எனக்குப் புதிதல்ல, பள்ளிக்கூடத்திலேயே கேட்டுத் தோல் தடித்துவிட்டது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சேச்சி மெல்லத் தன் வலது கையை முந்தானைக்குள் இழுத்து மறைத்துக்கொண்டாள். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. தப்பு செய்தவன் சிரிக்கிறான், இவள் கையை ஒளிக்கிறாள். இந்த மனிதனைச் சும்மா விடக் கூடாது என்று அங்கேயே முடிவு செய்தேன்.

மறுநாள் ஆபீசில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினேன். என் வாழ்நாளின் மிகப் பணிவான கடிதம். உங்கள் பரிசு கிடைத்தது, நன்றி. அதை இயக்கப் பெயர் கொடுத்த எங்கள் செக்ரட்டரி மண்ணில் இறங்கக் கொஞ்சம் தயங்குகிறார். நீங்கள் நேரில் வந்தால் அவர் மிஷின் ஓட்டுவதை எல்லாரும் கண்ணால் காணலாம். கடைசி வரியாக மலையாளத்தில், ஞங்களுடெ செக்ரட்டரிக்கு ஒரு பணி கொடுக்கான் நிங்ஙளுடெ சகாயம் வேணம் என்று எழுதி மெயிலில் அனுப்பினேன்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் என் மகள் போனில் அதைப் படித்தாள். படித்தவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள், எனக்கு ஒன்றும் புரியவில்லை.

நான் தமிழில் யோசித்திருக்கிறேன். பணி என்றால் வேலை, செக்ரட்டரிக்கு ஒரு வேலை கொடுக்க உங்கள் உதவி வேண்டும், அவ்வளவுதான். மலையாளத்திலும் பணி என்றால் வேலைதான். ஆனால் ஒருவனுக்குப் பணி கொடுப்பது என்றால் இந்த ஊரில் அவனை வசமாக மாட்டிவிடுவது, பழிவாங்குவது. எங்கள் செக்ரட்டரியைப் பழிவாங்க உங்கள் உதவி வேண்டும் என்று ஒரு கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்டுக் கேட்டிருக்கிறேன். இந்த ஊரில் பிறந்தவளுக்கு அது தெரியாமலில்லை. இத்தனை வருஷம் தப்பாத கை, மனசில் இருந்ததை அப்படியே எழுதிவிட்டது.

இரண்டு நாள் கழித்துக் கம்பெனியின் ஆபீசர் ஒருவர் போனில் அழைத்தார். வைட்டிலாவில் அவர்களுக்குக் கிளை. இளம் குரல். அந்தக் கடைசி வரியைத் தெரிந்துதான் எழுதினீர்களா என்று கேட்டார். தெரியாமல் எழுதியது என்றேன். அவர் சிரித்துவிட்டார். எப்படியானாலும் தான் வருவதாகவும், ஞாயிற்றுக்கிழமை காலையில் மிஷினைத் தோட்டத்தில் கொண்டுவந்து வைக்கும்படி செக்ரட்டரிக்குச் சொல்லிவிட்டதாகவும் சொன்னார். போனை வைத்ததும் சேச்சி வீட்டுக்கு ஓடினேன். அவள் தோளில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். சீக்கிரம் நடந்தால் சரி, மழைக்கு முன்னால் கும்மாயம் போட வேண்டும் என்றாள். அவள் நினைப்பு மண்ணில் இருந்தது, என் நினைப்பு அந்த மனிதனில் இருந்தது.

சனிக்கிழமை நல்ல வேனல் மழை. ஞாயிற்றுக்கிழமை தோட்டம் சொதசொதவென்று இருந்தது. தெருவே வந்து வேலியோரம் நின்றது. இப்படிக் கூட்டம் சேரும்படி பார்த்துக்கொண்டது யார் என்று சொல்லத் தேவையில்லை. வீடு வீடாகப் போய், செக்ரட்டரி மிஷின் ஓட்டப் போகிறார் என்று தகவல் சொன்னேன். கயிற்றை இழுத்து இழுத்து அவர் கை சோர்ந்து முகம் சிவந்து நிற்பதை நான் மனசில் பலமுறை ஓட்டிப் பார்த்திருந்தேன்.

அவர் இரண்டாவது இழுப்பிலேயே ஸ்டார்ட் செய்தார். போனில் வீடியோ பார்த்துப் படித்து வந்திருக்கிறார் மனிதர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கைப்பிடியைப் பிடித்து நின்றபோது கூட்டம் கைதட்டியது. போட்டோ எடுத்தார்கள். ஆபீசர் என்னைப் பார்த்தார், நான் என்ன செய்ய என்பது போல. எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. இங்கேயும் இந்த ஆள் முன்வரிசையா என்று இருந்தது.

அப்போது அவர் என் பக்கம் திரும்பி, எங்கே தொடங்க வேண்டும் என்று கேட்டார். கேலியாகத்தான் கேட்டார். நான் வடக்கு மூலையைக் கை நீட்டிக் காட்டினேன்.

வேலியோரம் நின்றிருந்த சேச்சி ஏதோ சொன்னாள். மிஷின் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. கேட்கவில்லை என்றுதான் இதுவரை எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். கேட்டது. "அங்கே கல்லுண்டுடீ" என்று சொன்னாள். நான் கையை இறக்கவில்லை.

புல்லுக்குள் இறங்கிய பிளேடு வெட்டுக்கல்லில் மோதி மிஷின் முன்னங்காலைத் தூக்கிய மாடு மாதிரி எழும்பியது. செக்ரட்டரி கைப்பிடியை விட்டுப் பின்னால் போய் விழுந்தார். தலைமுதல் பாதம்வரை சேறு. அது போதாதென்று சட்டைப் பையிலிருந்து சீல் எகிறி அவர் நெஞ்சிலேயே விழுந்தது. முதலில் சிரித்தது நான். பிறகு தெருவே சிரித்தது. சாயாவைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூட அன்று வாய்விட்டுச் சிரித்தார்கள். மணிக்கட்டில் சின்னச் சுளுக்கு, வேறொன்றும் இல்லை. கால் பிளேடில் மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அப்போது நான் நினைக்கவே இல்லை. உண்மையைச் சொன்னால், அடுத்த ஒரு வாரத்துக்கும் நினைக்கவில்லை.

சிரிப்பு அடங்கியபோது ஆபீசர் மிஷினுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். கியர் பெட்டி விரிந்து எண்ணெய் மண்ணில் ஒழுகிக்கொண்டிருந்தது. விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, பையைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்து என்னிடம் காட்டினார். செக்ரட்டரி பெயரை நீக்கி, இயக்குபவர்கள் என்று என் பெயரையும் நான்கு பெண்களின் பெயரையும் போட்டுக் கையெழுத்தாகி வந்த காகிதம். விண்ணப்பத்தில் அடித்தல் திருத்தலைப் பார்த்து அவர்களே விசாரித்திருக்கிறார்கள்.

"இன்னு இது இவிடெ வச்சிட்டு போகான் வந்நதா, மேடம்" என்றார்.

அவர் மிஷினை எங்களிடம் விட்டுவிட்டுப் போகவே வந்திருக்கிறார். செக்ரட்டரி ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் அன்று மதியம் அது எங்கள் தோட்டத்தில் இருந்திருக்கும். நான் கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றிருந்தால் போதும்.

மிஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சரி செய்ய மாதக்கணக்கானது. சரியானதும், முதல் நாளே உடைத்த தோட்டத்துக்குத் திருப்பித் தர விதி இல்லையாம். இடக்கொச்சியில் ஏதோ ஒரு இளைஞர் தோட்டத்துக்குப் போய்விட்டது. என் மகள் போனில் போட்டோ காட்டினாள். கைப்பிடியில் அதே கீறல்.

செக்ரட்டரிக்குக் கிடைக்க வேண்டியது கிடைத்துவிட்டது. அவர் தெருவில் நடந்தால் பின்னால் யாராவது டர்ர்ரென்று மிஷின் மாதிரிச் சத்தம் போடுகிறார்கள். அடுத்த கூட்டத்திலேயே சீலை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டார். இப்போது பேண்ட்தான் போடுகிறார். அவருக்காக எனக்கு ஒரு சொட்டு இரக்கமும் வரவில்லை, வரும் என்றும் தோன்றவில்லை.

மழை நெருங்கிக்கொண்டிருந்தது. அடுத்த ஞாயிறு விடிந்ததும் தோட்டத்துக்குப் போனேன். எனக்கு முன்னால் சேச்சி வந்து ஐந்தாவது பாத்தியில் நின்றிருந்தாள். தூம்பாவை இடது கையால் பிடித்து, வலது கையைச் சும்மா தாங்கலுக்கு வைத்து, அரை வெட்டு அரை வெட்டாகக் கிளறிக்கொண்டிருந்தாள். நான் போய்த் தூம்பாவைப் பிடித்தேன். அவள் விடவில்லை.

"நீ அவனுக்குக் குடுத்த பணி எனக்கில்லே கெடச்சது" என்றாள்.

கோபமில்லை. இரண்டு பாஷையிலும் அது சரியாகத்தான் இருந்தது. நான் அங்கே கல் இருந்ததை மறந்துவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பொய்யை அப்படியே விட்டுவிட்டேன்.

வேலியோரம் சாய்த்து வைத்திருந்த இன்னொரு தூம்பாவை எடுத்துக்கொண்டு வடக்கு மூலைக்குப் போனேன். மிஷின் கீறிய இடத்தில் புல் இன்னும் எழுந்திருக்கவில்லை. அந்தக் கற்களைப் பெயர்த்து எடுத்துவிட்டுத்தான் மறுவேலை என்று காலை ஊன்றி ஓங்கி வெட்டினேன். அடி கல்லில் பட்டு என் தோள்வரை ஏறியது. கண்ணில் நீர் வந்துவிட்டது. சத்தம் கேட்டும் சேச்சி திரும்பிப் பார்க்கவில்லை.